என் மரண அறிவித்தலை நீ அனுப்பிய ஞாயிறு

தம்பி,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். மற்றத் தாய்மார் கடிதத்தை இப்படித் தொடங்கத் தேவையில்லை. என் விஷயத்தில் ஒரு தடவை வதந்தி பரவிவிட்டதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அடுத்த மாதம் நீயும் மருமகளும் அமெரிக்காவுக்குப் போகிறீர்கள். போன கிழமை வந்தபோது விசாவைப் பற்றிச் சொன்னாய், அங்கே வருஷம் முழுக்க வெயில் என்று சொன்னாய், தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினாய். கொம்பியூட்டர் இருக்கிற அறைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நீ அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. போன் எடுத்தாலும் "ஓம் அம்மா, பிஸி அம்மா, பிறகு எடுக்கிறன் அம்மா" என்று மூன்று அம்மா போட்டு முடித்துவிடுகிறாய். கலியாணத்தன்று காலில் விழுந்தபோதுகூட நீ என் முகத்தைப் பார்க்காமல் சேலைக் கரையைத்தான் பார்த்தாய். நேரில் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். என் வாய் எனக்குத் தெரியும், உனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் இருந்து வாசி.

நம் ஊர்ச் சங்கத்துக்குச் சாவு அறிவிக்கிற வேலை என் தலையில் எப்படி விழுந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இங்கே லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலே உள்ள அறையில் நம் ஊர் மனுஷி ஒருவர் தனியே இருந்தார். மகன் ஜெர்மனியில். அவர் இறந்து கிடந்தது பல நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. கீழே இருந்த கடைக்காரர்தான் மணத்தை வைத்துக் கதவை உடைப்பித்தார். செத்தவீட்டுக்குப் போன நாங்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டு நின்றோம். சங்கத் தலைவர், ஊரில் கணக்குப் படிப்பித்ததால் இன்னமும் எல்லாருக்கும் மாஸ்டர், அந்த இடத்திலேயே என்னிடம் கேட்டார்: "இனி எங்கட சனத்தில ஒருத்தர் போனாலும் அண்டைக்கே எல்லாருக்கும் தெரிய வேணும். பிள்ளை, நீர் கொம்பியூட்டர் வேலைதானே, ஏதும் செய்ய ஏலாதோ?" நான் ஓம் என்றேன். சமூக சேவை என்று நினைத்துவிடாதே, பயத்தில்தான் ஓம் என்றேன். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நீயும் வேலைக்குக் கிட்ட என்று குரொய்டனில் அறை எடுத்துப் போய்விட்டாய். அந்தக் கட்டிலில் நாறிக் கிடந்தது நானாக இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அன்று முழுக்கப் போகவில்லை. இன்றும் முழுதாகப் போகவில்லை.

அதற்கான புரோகிராமைப் பைத்தன் மொழியில் எழுதச் சொன்னது நீதான். லண்டனுக்கு வந்த நாள்முதல் அலுவலகத்தில் பழங்காலத்துக் கோபோல் மொழியில் எழுதி எழுதிக் கை காய்த்துப்போன எனக்கு, உன் பைத்தன் சின்னப் பிள்ளைகளின் மணல்சோறுபோல இருந்தது. மேலே சங்கத்து ஆட்களின் பெயரும் ஃபாக்ஸ் எண்ணும். நடுவில், போன் வயர் வழியாக மொடம் அதை எப்படி அனுப்ப வேண்டும் என்ற விபரம். அடியில் ஒரேயொரு வரி, எல்லாருக்கும் அனுப்பு என்று. அவ்வளவுதான். ஃபாக்ஸ் உள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தால் அவர்கள் தங்கள் பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சொல்வார்கள். அடிவரியைக் கட்டிக் காக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு புரோகிராம் ஓட வேண்டுமென்றால் ஒருவர் அதை ஓட்ட வேண்டும். சோதித்துப் பார்க்கும்போது மட்டும் போன் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவேன். என்னிடம் இருந்த காவல் அந்த வயர்தான்.

சோதனைக்கு யார் பெயரைப் போடுவது என்பதில்தான் எனக்குப் பெரிய கஷ்டம். உயிரோடு இருக்கிறவர் பெயரைப் போட மனம் வராது. இறந்தவர் பெயரைப் போட்டு அவரை இன்னொரு தரம் சாகடிக்கவும் ஏலாது. அதனால் என் பெயரைப் போட்டேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் லண்டன் கிங்ஸ்பரியை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இன்னார் இன்று காலமானார், அன்னார் இன்னாரின் (லண்டன்) பாசமிகு தாயார், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். எழுத்து வடிவாக வருகிறதா என்று பார்த்தேன். வடிவாகத்தான் வந்தது. அடுத்த சாவு வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு சாவையும் அனுப்பி முடித்ததும் திரும்ப என் பெயரைத்தான் போட்டுவைப்பேன்.

இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு என்ன நடந்தது தெரியுமா? என் போன் அடித்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிட்டது. அது பரவாயில்லை. நான் யாருக்காவது போன் எடுத்தால், என் குரலைக் கேட்டவுடனே அந்தப் பக்கம் "ஐயோ அக்கா, ஆர்?" என்று கேட்பார்கள். ஒருநாள் மழைபெய்துகொண்டிருந்தது, சும்மா கதைக்க ஆசையாக இருந்தது, பவளமக்காவுக்கு எடுத்தேன். நம் தெருவுக்கு அடுத்த தெருதான், அப்பா இருக்கும்போது வாரத்துக்கு இரண்டு தரம் வந்து போனவர். "ஆர்?" என்றார். "ஒருத்தருமில்லை அக்கா, சும்மாதான்" என்றேன். "சும்மாவோ? நெஞ்சு நிண்டுபோச்சடி எனக்கு" என்று பேசிவிட்டு வைத்துவிட்டார். அதோடு நான் ஒருவருக்கும் எடுப்பதில்லை. வேலையால் வந்து ரேடியோவைப் போட்டால் படுக்கும்வரை அது ஒன்றுதான் வீட்டில் பேசும்.

இனி அந்த ஞாயிறு. உன் கலியாணத்துக்கு ஆட்களைச் சொல்ல வேண்டும், பெயர்களையும் எண்களையும் என் புரோகிராமிலிருந்து எடுக்கலாம் என்று நீ வந்தாய். நான் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போயிருந்தேன். சாவுக்கு வைத்திருந்த பெயர்களைக் கலியாணத்துக்கு எடுப்பதா என்று நான் இருந்திருந்தால் கத்தியிருப்பேன். நல்ல காலமோ கெட்ட காலமோ நான் இல்லை. நீ உன் மெயிலைப் பார்க்க முதலில் போன் வயரைச் சுவரில் செருகினாய். பிறகு கலியாணத்துக்கு நீ எழுதிக்கொண்டிருந்த புரோகிராமின் முதல் வரியில் என்னுடையதை இம்போர்ட் செய்தாய். இம்போர்ட் என்றால் அலுமாரியைத் திறந்து வேண்டியதை மட்டும் எடுப்பது என்று நான் நினைத்திருந்தேன். நீ அப்படி நினைத்திருக்கக் கூடாது, நீ படித்தவன். பைத்தன் அலுமாரியைத் திறக்கும்போது உள்ளே இருக்கிற ஒவ்வொரு வரியையும் மேலிருந்து கீழ்வரை செய்துகொண்டே போகும். என் அடிவரிக்கும் வந்தது. செய்தது. மொடம் கீச்சிட்ட சத்தத்தை உன் மெயில் என்று நினைத்து நீ குசினிக்குத் தேத்தண்ணீர் போடப் போய்விட்டாய்.

ஃபாக்ஸைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கேஜ்ட். மொடம் அடுத்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. செத்தவீட்டில்தானே போன் ஓயாது, ஆகவே செய்தி உண்மை என்று முடிவுகட்டிவிட்டார்கள். எங்கள் சனத்தில் எல்லாருடைய சாவையும் அனுப்புகிறவள் நான். என் சாவை யார் அனுப்பியது என்று ஒரு சனம் யோசிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் யோசித்தாராம். "பெடியன் தாய் போன துக்கத்திலையும் பொறுப்பாச் செய்திருக்கிறான்" என்று உன்னை மெச்சினாராம்.

நான் பஸ்ஸால் இறங்கி விபூதிப் பொட்டலத்தோடு வருகிறேன், நம் வாசலில் கார்கள். வெள்ளைச் சேலைகள். கையில் சோற்றுச் சட்டிகள், ஃபிளாஸ்க்குகள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே, அதற்குள் சமைத்துக்கொண்டே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவிதான் போய்விட்டாள் என்று நினைத்து, பாவம், நல்ல மனுஷி என்று சொல்லிக்கொண்டு நானும் உள்ளே வந்தேன். பவளமக்கா என்னைக் கண்டவுடன் ஒரு சத்தம் போட்டார் பார், தெருவில் நாய் குரைத்தது. பிறகு ஓடிவந்து என் கன்னத்தில் ஒன்று போட்டார். "எடி விசரி! நீ சாகேல்லையோ?" மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமைக்குச் செத்தவீட்டு ஹோல் கேட்டிட்டன். இப்ப என்னெண்டு கான்சல் பண்ணுறது?" என்றார். யாரோ பின்னால் நின்று "செத்த செய்தி வந்தவைக்கு ஆயுசு கெட்டி" என்றார்கள். எல்லாரும் அழுது முடிக்காமலே சிரிக்கத் தொடங்கினார்கள்.

யாரோ கையில் என் பெயர் போட்ட ஃபாக்ஸைக் கண்டதும் நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். திரும்பிப் பார்த்தால் நீ படிக்கட்டில் இருந்தாய். முகம் சாம்பல். "அம்மா, ஐ ஒன்லி... நான் இம்போர்ட் மட்டும்தான் செய்தனான்" என்றாய். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தது. என் பிழையும் அதில் பாதி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "கீழே ரெண்டு வரி வாசிச்சுப் பாக்கத் தெரியாதோ? உன்னை நம்பிச் சாகவும் ஏலாது போல கிடக்கு" என்றேன். நல்ல பகிடி. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாய். கதவைச் சாத்தினாயா அடித்தாயா என்று அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒருவரும் போகவில்லை, தம்பி. கொண்டுவந்த சோற்றை என்ன செய்வது? இது செத்தவீடா இல்லையா, தலை முழுகாமல் சாப்பிடலாமா என்று கொஞ்ச நேரம் வழக்காடினார்கள். பிறகு பசி வென்றது. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கைக்காய், இரண்டு பேர் கொண்டுவந்த ஒரே மாதிரிச் சம்பல். பவளமக்கா தயிர் தேடிக் குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே பாலும் அரைத் தேசிக்காயும் இருந்தன. "எடியே, நீ சாகிறதுக்கு ஆயத்தமாத்தான் இருந்திருக்கிறாய்" என்றார். பிறகு குளிர்பெட்டியைச் சாத்திவிட்டு என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். யாரோ ஏணி வைத்து மேல்மாடி பல்ப்பை மாற்றினார்கள். அது அப்பா இருக்கும்போது எரியாமல் போன பல்ப். ஒரு பெண் என்னிடம் அழுதழுது சொன்னாள், நான் போய்விட்டேன் என்று நினைத்ததும் இனி எங்கள் சாவை யார் சொல்லப்போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியதாம். அவளைக் கட்டிப்பிடித்தேன். நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அன்று பின்னேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அப்பா போன பிறகு இந்த வீட்டில் அவ்வளவு கோப்பை கழுவியது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? நான் உயிரோடு இருந்தேன். நீயாவது எடுப்பாய் என்று போனுக்குப் பக்கத்தில் இருந்தேன், எடுக்கவில்லை. சரி, துரைக்கு ரோஷம், தாயின் பகிடியைத் தாங்க ஏலாத படிப்பு என்று நானும் முறுக்கிக்கொண்டேன். இத்தனை மாதமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன் பிழையை எண்ணி வெட்கப்படுகிறாய், அல்லது என் பகிடியை எண்ணிக் கோபப்படுகிறாய். இரண்டும் காலம் போனால் ஆறும்.

போன கிழமை நீ வந்துபோன பிறகு பவளமக்கா வந்தார். நீ பயணம் போவதைப் பற்றிக் கதைக்கும்போது, "பாவமடி அண்டைக்கு அவன்" என்றார். "எண்டைக்கு?" என்றேன். அப்போதுதான் சொன்னார். அன்று முதலில் மணியடித்தவர் அவர்தானாம். நீ தேத்தண்ணீர்க் கோப்பையோடு கதவைத் திறந்தாயாம். அவர் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ ராசா, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டாவே" என்று கதறினாராம். உனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். உனக்குச் சொல்ல வந்திருக்கிறார் என்று நீ நினைத்தாய். கோயிலுக்குப் போன வழியில் அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று. "எங்க? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாயாம். அவர் இன்னும் பலமாக அழுதாராம். நீ சப்பாத்தைப் போடப் படிக்கட்டில் இருந்தாயாம். நாடாவைக் கட்ட வரவில்லையாம். பவளமக்காதான் குனிந்து கட்டிவிட்டாராம். மற்றச் சப்பாத்து உன் கையிலேயே இருந்ததாம். அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள், அழுகை கூடிவிட்டது, பிறகுதான் யாரோ ஃபாக்ஸ் என்று சொல்லக் கேட்டு உனக்கு விளங்கியிருக்கிறது. விளங்கிக்கொண்டு எழும்புவதற்குள் நான் வந்து, உன்னைப் பார்த்து அந்தப் பகிடியை விட்டேன்.

எனக்குத் தெரியாது, ராசா. சத்தியமாகத் தெரியாது. நீ அங்கே பிழைசெய்த பிள்ளையாக இருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். தாயைப் பறிகொடுத்துவிட்டு, திரும்பக் கிடைத்த பிள்ளையாக இருந்தாய்.

உனக்குப் பத்து வயதில் ஒன்று நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் லண்டனுக்கு வந்த புதிது. ஆபத்துக்கு அடிக்க வேண்டிய எண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது உண்மையில் வேலை செய்யுமா என்று நீ அடித்துப் பார்த்தாய். வேலை செய்தது. வாசலில் பொலிஸ். ஊரில் சீருடை வாசலுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டு வந்த மனிதர் உன் அப்பா. ஆனால் உன்னை ஒரு சொல் பேசவில்லை. பொலிஸ்காரனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார், உன் தலையைத் தடவி, "நல்லது, வேலை செய்யுது, இனிப் பயமில்லை" என்று சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். எனக்கு மட்டும்தான் அது தெரியும். அந்த ஞாயிறு இந்த வீட்டில் அப்பா இருந்திருக்க வேண்டும். அவர் உன்னோடு சேர்ந்து சிரித்திருப்பார். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

இதை வைத்து வாழ்க்கைத் தத்துவம் சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன். புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே படித்தேன். நேரே ஓட்டும்போது பைத்தன் ஒரு புரோகிராமுக்கு மெயின் என்று பெயர் வைக்கும். இன்னொன்று இரவலாக எடுக்கும்போது அதற்கு அதன் சொந்தப் பெயர்தான் இருக்கும். ஆகவே அடிவரிக்கு மேலே ஒரு கேள்வி போட வேண்டும்: இப்போது உன் பெயர் மெயினா? ஓம் என்றால் அனுப்பு, இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இரு. போட்டுவிட்டேன். வயரைச் செருகி வைத்துக்கொண்டே இம்போர்ட் செய்து பார்த்தேன். மொடம் மூச்சுக் காட்டவில்லை. சோதனைக்கு வைத்திருந்த என் அறிவித்தலையும் அதிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். அதில் உன் பெயருக்குப் பக்கத்தில் லண்டன் என்று இருந்ததை அமெரிக்கா என்று மாற்றினேன். அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டு எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இனி அது தானாகப் போகாது. யாராவது வேண்டுமென்றே ஓட்டினால்தான் போகும். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். மற்ற எல்லாருக்கும் ஓட்ட நான் இருக்கிறேன். எனக்கு ஓட்ட ஆள் இல்லை. மாஸ்டருக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியாது. புரோகிராமும் என் அறிவித்தலும் உள்ள டிஸ்க் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதைப் பயணப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடு. காரணம் ஒன்றும் தேவையில்லை. மழையா என்று கேள், என்ன சமைத்தீர்கள் என்று கேள். ஒன்றும் கேட்கத் தோன்றாவிட்டால் பேசாமல் இரு, நான் கதைத்துக்கொள்கிறேன். நான் தூக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் எடு, குளித்துக்கொண்டிருப்பேன். அதற்கும் தூக்காவிட்டால் பவளமக்காவுக்கு எடு, கதவைத் திறக்க வீட்டுத் திறப்பு ஒன்று அவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் போய்ப் பார்த்து உனக்குச் சொல்வார். உனக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அழுவதானால் அழு, ஆறுதலாக அழு. அதற்குப் பிறகு நீயே ஓட்டு. உலகத்தில் மற்ற எல்லாரும் ஃபாக்ஸைப் பார்த்து அறியட்டும். நீ அதற்கு முதல் அறிந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் யாரும் வாசலில் வந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதைச் சொல்லக் கூடாது.

உங்கள் ஊரில் ஞாயிறு எத்தனை மணிக்கு விடியும் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. எந்த நேரமென்றாலும் எடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா